பிறகு கூப்பிடு: கேம் சேர்வர் மொழிகளில் தாமத அழைப்பின் கதை

கேம் சேர்வருக்கு ஸ்கிரிப்ற் எழுதப் பழகுகிற எவரும் முதல் கிழமையிலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "பத்து செக்கன் கழிச்சு இதைச் செய் எண்டு எழுதினன், ஒண்டும் நடக்கேல்லையே?" இரண்டாம் மாதத்தில் அந்தக் கேள்வி மாறும். "நடக்குது, ஆனா வேற ஆளுக்கெல்லோ நடக்குது!" முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்குப் பின்னால் கால் நூற்றாண்டு வரலாறு கிடக்கிறது. அதை எழுதி வைத்தவர்கள் குறைவு. கேம் என்றால் விளையாட்டுத்தானே என்று விட்டுவிடுகிறோம் போல.

முதலில் விசயம் என்னவென்று பார்ப்போம். கணித பாடத்தில் சார்பு படித்திருப்போம். செய்நிரலிலும் சார்பு என்பது பெயர் வைத்த ஒரு வேலைதான். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் வேலை நடக்கும். ஆனால் சில வேலைகள் உடனே நடக்கக்கூடாது. கிரனேட் எறிந்த உடனேயே வெடித்தால் எறிந்தவனும் சரி. சிறையில் போட்ட ஆளைப் பத்து நிமிடம் கழித்துத்தான் விடவேண்டும். அதற்காக சேர்வரைப் பத்து நிமிடம் காத்திரு என்று நிறுத்தவும் முடியாது. இப்படியான சேர்வர்களில் ஸ்கிரிப்ற் ஒரே வரிசையில்தான் ஓடும். அது நின்றால் உள்ளே இருக்கிற எல்லாரும் உறைந்துபோவார்கள். ஆகவே சேர்வரிடம் ஒரு துண்டு எழுதிக் கொடுக்கிறோம்: இத்தனை நேரம் கழித்து, இந்தப் பெயருள்ள சார்பை, இந்த இலக்கத்தோடு கூப்பிடு. சேர்வர் ஒவ்வொரு சுற்றிலும் தன்னிடமுள்ள துண்டுகளைப் புரட்டிப் பார்த்து, நேரம் வந்ததைக் கூப்பிடும். இந்தத் துண்டைத்தான் ரைமர் என்கிறார்கள். நேரம், பெயர், இலக்கம் என்று மூன்றே மூன்று விசயம்தான் அதில் இருக்கும். மூன்றிலும் சறுக்கலாம்.

கதையை 1996இல் தொடங்கலாம். ஐடி சொஃப்ற்வெயர் அந்த வருடம் குவேக்கை வெளியிட்டது. விளையாட்டின் விதிகளை எழுதவென்றே ஜோன் கார்மாக் அதற்குள் குவேக்-சி என்ற சின்ன மொழியொன்றை வைத்திருந்தார். அதில் துண்டைத் தனியாக எழுதிக் கொடுப்பதில்லை. விளையாட்டிலுள்ள ஒவ்வொரு பொருளின் முதுகிலும் ஒரு துண்டு ஒட்டியிருக்கும். 'அடுத்து எப்போது யோசிக்க வேண்டும்', 'என்ன யோசிக்க வேண்டும்' என்று அதில் இரண்டு கட்டங்கள். கிரனேட் எறிந்தால் அதன் முதுகில் '2.5 செக்கன் கழித்து வெடி' என்று எழுதப்படும். பொருளை அழித்தால் துண்டும் சேர்ந்தே போய்விடும். எங்களைக் கேட்டால், பின்னர் வந்த பல முறைகளை விட இது நல்ல முறை. குறை என்னவென்றால் ஒரு முதுகில் ஒரு துண்டுதான் ஒட்டலாம். இரண்டாவதை ஒட்டினால் முதலாவது சத்தமில்லாமல் போய்விடும். ஆகவே, துண்டைச் சுமக்க மட்டும் கண்ணுக்குத் தெரியாத பொருளொன்றை உருவாக்கிவிடுகிற வழக்கம் வந்தது. தாமதித்துத் திறக்க வேண்டிய கதவு போன்றவற்றுக்குக் குவேக்கே அப்படித்தான் செய்கிறது.

குவேக்கின் மூலநிரலை 1999 டிசம்பரில் எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். அதை ஒரு வரலாற்று ஆவணம் மாதிரி வாசிக்கலாம். பொருள்களுக்கு இடம் ஒதுக்குகிற பகுதியில் ஒரு விதி இருக்கிறது. ஒரு பொருள் அழிந்தால் அதன் இலக்கத்தை அரைச் செக்கனுக்கு வேறு எதற்கும் கொடுக்காதே, விளையாட்டுத் தொடங்கிய முதல் இரண்டு செக்கனுக்குள் அழிந்தவை மட்டும் விதிவிலக்கு. உடனே கொடுத்தால் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறவருடைய கணினி, பழைய பொருள்தான் உருமாறிவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். காரணம் படம் காட்டுவது சம்பந்தப்பட்டது. ஆனால் நோய் அதேதான்: இலக்கம் ஒன்று, ஆள் வேறு. மருந்து அரைச் செக்கன் காத்திருப்பு. இந்த அரைச் செக்கனை மனதில் வைத்திருங்கோ.

குவேக் எஞ்சினை மாற்றியமைத்துத்தான் வால்வ் நிறுவனம் 1998இல் ஹாஃப் லைஃப்பைச் செய்தது. அதன் மேல் 1999இல் இரண்டு பேர் தொடங்கிய மொட்தான் கவுண்டர் ஸ்ரைக். ஊரிலே நெற் கஃபேக்கள் பிழைத்ததில் அதற்கு எவ்வளவு பங்கு என்று நாங்கள் சொல்லத் தேவையில்லை. சேர்வர் நடத்துகிற பெடியளுக்கு ஒரு பிரச்சினை இருந்தது. விளையாட்டை மாற்ற வேண்டுமென்றால் சி++ தெரிய வேண்டும். அந்த இடத்தில்தான் நாங்கள் சொல்ல வந்த மொழி நுழைகிறது.

1980 மே மாதம் டொக்ரர் டொப்ஸ் ஜேர்னல் என்ற கணினிச் சஞ்சிகையில் ரொன் கெய்ன் என்பவர் 8080 சிப்புக்கான ஸ்மோல்-சி என்ற குட்டிக் கொம்பைலரை முழுதாக அச்சிட்டுக் கொடுத்தார். நெதர்லாந்தில் கொம்பியூஃபேஸ் என்ற சிறு நிறுவனம் நடத்தும் தியட்மர் ரீமர்ஸ்மா அந்த வழியிலிருந்து 'ஸ்மோல்' என்ற மொழியைச் செய்து, 1999 ஒக்ரோபரில் அதே சஞ்சிகையில் அதைப்பற்றி எழுதினார். 2005இல் அதன் பெயர் 'பாவ்ன்' ஆனது. சதுரங்கத்தில் காலாள். (சரியான உச்சரிப்பில் எழுதினால் கைபேசி என்று நினைப்பீர்கள். அதனால்தான் இந்த எழுத்து.) வேறொரு செய்நிரலுக்குள் வைத்து ஓட்டுவதற்கென்றே செய்த மொழி அது. வகை என்று எதுவும் கிடையாது, எல்லாமே 'செல்' என்கிற ஒரே அளவுப் பெட்டிக்குள் போடுகிற எண்தான். இன்னொன்றும் கிடையாது: நேரம். 'பிறகு' என்ற சொல்லே பாவ்னுக்குத் தெரியாது. அதை வைத்து ஓட்டுகிற சேர்வர்தான் ரைமரைக் கொடுக்கவேண்டும். ஹாஃப் லைஃப் சேர்வரில் ஏ.எம்.எக்ஸ். மொட்டும், 2004 அளவில் அதிலிருந்து பிரிந்த ஏ.எம்.எக்ஸ். மொட் எக்ஸும் செற்ராஸ்க் என்று ஒன்றைக் கொடுத்தன. ஜி.ரி.ஏ. சான் அன்ட்ரியாஸை இணையத்தில் கூட்டமாக விளையாட வைத்த சாம்ப் என்கிற சேர்வர், செற்ரைமர் என்று வேறொன்றைக் கொடுத்தது. ஒரே மொழி, இரண்டு கடிகாரம்.

இந்த இரண்டு கடிகாரத்தால் வந்த வினையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஏ.எம்.எக்ஸ்ஸில் நேரத்தைச் செக்கனில் தசமத்தோடு எழுதவேண்டும்: 1.0. சாம்பில் மில்லிசெக்கனில் முழு எண்ணாக எழுதவேண்டும்: 1000. அங்கிருந்து இங்கே வந்த ஒருவர் பழக்கதோசத்தில் சாம்பில் 1.0 என்று எழுதினால்? 1.0 என்ற தசம எண்ணைப் பெட்டிக்குள் போடும் பிற் வடிவத்தை முழு எண்ணாக வாசித்தால் 1065353216 வரும். அத்தனை மில்லிசெக்கன் என்றால் 12 நாளும் சொச்சமும். ரைமர் வேலை செய்யவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பார். ரைமர் பாவம், பன்னிரண்டு நாளை எண்ணிக்கொண்டிருக்கும். கொம்பைலர் 213ஆம் இலக்க எச்சரிக்கை ஒன்றைக் காட்டியிருக்கும். எச்சரிக்கை வாசிக்கிற வழக்கம் யாருக்கு இருந்தது?

நேரத்தில் இன்னொரு பொறி உண்டு. சாம்ப் ரைமர்கள் சொன்ன நேரத்துக்கு வராது. ஏறக்குறைய 25 வீதம் பிந்தலாம் முந்தலாம் என்று அதன் ஆவணங்களே ஒப்புக்கொண்டன. ஆகவே ஒரு செக்கன் ரைமரை அறுபது தரம் எண்ணி ஒரு நிமிடம் என்று நம்பக்கூடாது. சரியான வழி, தொடங்கிய நேரத்தைக் குறித்து வைத்து, ரைமர் வரும்போதெல்லாம் உண்மையான நேரத்தோடு ஒப்பிடுவது. அதற்கு மில்லிசெக்கன் எண்ணியை எடுத்தால் அங்கேயும் வில்லங்கம்: குறியோடு கூடிய 32 பிற் எண்ணில் 24.8 நாளுக்கு மேல் மில்லிசெக்கன் கொள்ளாது. மாதக்கணக்கில் நிற்காமல் ஓடுகிற சேர்வரில் எண்ணி திடீரென்று மறைப் பெறுமானத்துக்குப் போய்விடும். குறியில்லாமல் எண்ணினால் 49.7 நாள். இது பெடியளின் விளையாட்டுக்கு மட்டுமான வில்லங்கமில்லை. 2004 செப்ரெம்பர் 14இல் கலிபோர்னியாவின் பாம்டேலில் உள்ள வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையம், வானத்தில் இருந்த விமானங்களோடு பேசமுடியாமல் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் தவித்தது. குரல் தொடர்பை நடத்திய கணினியின் எண்ணி அந்த 49.7 நாளில் தீர்ந்துபோனதுதான் காரணம். மாதமொருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டிய கணினியை யாரும் நிறுத்தித் தொடங்கவில்லை.

இனிப் பெயர். முதலாவது கேள்விக்கான ஒரு வரிப் பதில் இங்கேதான் இருக்கிறது. சேர்வர் ஒரு செய்நிரல், ஸ்கிரிப்ற் இன்னொன்று. சேர்வர் ஸ்கிரிப்ற்றுக்குள் எட்டிப்பார்த்துப் பிடிக்கக்கூடியது, 'பப்ளிக்' என்று அறிவித்த சார்புகளின் பட்டியலை மட்டும்தான். ஆகவே சாம்ப் ரைமருக்குச் சார்பின் பெயரை மேற்கோள் குறிக்குள் வெறும் எழுத்தாகத்தான் கொடுக்கிறோம். எழுத்துப்பிழை விட்டால் கொம்பைலருக்குத் தெரியாது. நேரம் வரும்போது சேர்வர் தேடும், கிடைக்காது, பேசாமல் விட்டுவிடும். பிழைச்செய்தி எதுவுமில்லை. 'பப்ளிக்' போட மறந்தாலும் அதே கதை. ஆனால் இங்கே ஒரு தடயம் உண்டு. 'இந்தச் சார்பு எங்கும் பாவிக்கப்படவில்லை' என்று 203ஆம் எச்சரிக்கை வரும். "நான்தானே ரைமரில பாவிச்சிருக்கிறன், இது என்ன விசர்க் கதை" என்று அதைத் தள்ளிவிடுவோம். கொம்பைலர் சொன்னது உண்மை. அதன் கண்ணுக்கு மேற்கோள் குறிக்குள் இருப்பது வெறும் எழுத்து. பாவிக்காத சார்பு என்று முழுவதையும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் மிச்சத்தைத் தொகுத்திருக்கும். பெயர் 31 எழுத்துக்கு மேல் போனால் இன்னும் மோசம். கொம்பைலர் சார்பின் பெயரை 31இல் நறுக்கிவிடும், மேற்கோள் குறிக்குள் இருப்பதை நறுக்காது. இரண்டும் பொருந்தாது. விளக்கமாக, ஒழுங்காகப் பெயர் வைத்தவனுக்குக் கிடைக்கிற பரிசு அது.

இதுவரை சொன்னதெல்லாம் எழுதியவரையே கடிக்கிற பிழைகள். மூன்றாவது, இலக்கம், அப்படியில்லை. அது அடுத்தவரைக் கடிக்கும்.

நெற் கஃபேயில் இருந்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஏழாம் நம்பர் மெசினில் ஒருவன் ஒரு மணித்தியாலத்துக்குக் காசு கட்டியிருக்கிறான். முதலாளி கொப்பியில் 'ஏழு, ஐந்தரை' என்று எழுதி வைக்கிறார். பெயர் எழுதுவதில்லை. அவன் ஐந்து மணிக்கே எழும்பிப் போய்விட்டான். ஐந்தேகாலுக்கு வேறொருவன் வந்து அதே ஏழில் இருக்கிறான். ஐந்தரைக்கு முதலாளி கத்துவார்: "ஏழு, நேரம் முடிஞ்சுது தம்பி, எழும்பு!" கொப்பியில் பிழையில்லை, மணிக்கூட்டிலும் பிழையில்லை, எழும்பினவன்தான் பிழையான ஆள்.

சேர்வரும் அதே கொப்பிதான். உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் வெறுமையாக உள்ள ஓர் இருக்கையின் இலக்கம் கிடைக்கும். ஹாஃப் லைஃப்பில் 1 தொடக்கம் 32 வரை. சாம்பில் பூச்சியத்திலிருந்து நூற்றுக்கணக்கில். ஒருவர் போனால் அவருடைய இலக்கம் அடுத்து வருகிறவருக்கு. குவேக் பொருள்களுக்குக் கொடுத்த அந்த அரைச் செக்கன் அவகாசம் போதாது இங்கே. ரைமர்கள் நிமிடக்கணக்கில் காத்திருக்கிறவை.

சாம்பின் 0.3எக்ஸ் பதிப்பில் இந்தப் பிழை எல்லாருடைய ஸ்கிரிப்ற்றுக்குள்ளும் ஒரே தரத்தில் நுழைந்தது எப்படி என்று பாருங்கோ. அதற்கு முன்னர் ஒருவரை வெளியேற்றும்போது "இன்ன காரணத்துக்காக உன்னை வெளியேற்றுகிறோம்" என்று செய்தி அனுப்பிவிட்டு உடனே வெளியேற்றலாம். 0.3எக்ஸிலிருந்து வெளியேற்றம் செய்தியை முந்திக்கொண்டது. காரணம் தெரியாமலேயே ஆள் வெளியே நிற்பார். செய்தி போய்ச்சேர வெளியேற்றலைக் கொஞ்சம் தாமதிக்க வேண்டும், ரைமர் போடுங்கள் என்பதுதான் ஆவணங்கள் சொன்ன வழி. எல்லாரும் போட்டார்கள். ஆளின் இலக்கத்தை மட்டும் வாங்கி, ஒரு செக்கன் கழித்து வெளியேற்றுகிற நாலு வரிச் சார்பு ஸ்கிரிப்ற்றிலிருந்து ஸ்கிரிப்ற்றுக்குப் படியெடுக்கப்பட்டது. அந்த ஒரு செக்கனுக்குள் அவர் தானாகவே போய், இன்னொருவர் அதே இலக்கத்தில் வந்தால், வெளியேறுவது வந்தவர். ஒரு செக்கனில் அப்படி நடப்பது அரிது. ஆனால் அதே அச்சில்தான் பத்து நிமிடச் சிறை ரைமரையும் எழுதினார்கள். அங்கே அரிதில்லை.

இதைவிடப் பாரதூரமானது கணக்குகளில் நடந்தது. ரோல்பிளே சேர்வர்களில் ஒவ்வொருவருக்கும் வீடு, வாகனம், காசு எல்லாம் தரவுத்தளத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். மாதக்கணக்கில் சேர்த்தது. ஒருவர் உள்ளே வந்ததும் அவருடைய பெயருக்குரிய தகவலைத் தரவுத்தளத்திடம் கேட்பார்கள். பதில் வர நேரம் எடுக்கலாம் என்பதால் சேர்வர் காத்திருக்காது. பதில் வந்ததும் இந்தச் சார்பை இந்த இலக்கத்தோடு கூப்பிடு என்று விட்டுவிடும். ரைமர் இல்லாவிட்டாலும் இதுவும் தாமத அழைப்புத்தான், எப்போது வருமென்றே தெரியாத தாமதம். தரவுத்தளம் மெதுவாக இருக்கிற நேரம் பார்த்து முதலாமவர் போய், இரண்டாமவர் அதே இலக்கத்தில் வந்து உட்கார்ந்தால், முதலாமவரின் வீடும் காசும் இரண்டாமவரின் மடியில் வந்து விழும்.

மருந்து கஃபே முதலாளிக்குச் சொல்லக்கூடிய அதே மருந்துதான்: மெசின் நம்பரோடு ரசீது நம்பரையும் எழுது. ஹாஃப் லைஃப்பில் அந்த ரசீது முதலிலிருந்தே இருந்தது. இருக்கை இலக்கம் திரும்பத் திரும்ப வரும், ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் எஞ்சின் ஏறிக்கொண்டே போகிற இன்னோர் இலக்கத்தையும் கொடுக்கும். சேர்வர் நடத்துகிறவர் கையால் கட்டளை எழுதி ஒருவரை வெளியேற்றும்போது அந்த ரசீது இலக்கத்தைத்தான் முன்னால் கட்டக்குறி போட்டு எழுதுவார். மனிதர் சரியான இலக்கத்தைப் பாவித்துக்கொண்டிருந்த அதே சேர்வரில், ஸ்கிரிப்ற்றுகள் இருக்கை இலக்கத்தை வைத்து ரைமர் போட்டுக்கொண்டிருந்தன. இதை முதல்தரம் கவனித்தபோது எங்களுக்கு வியப்பாகத்தான் இருந்தது.

ஏ.எம்.எக்ஸ். காலத்துப் பெடியள் அந்த இருக்கை இலக்கத்தை வைத்தே சமாளித்த விதமும் சொல்லவேண்டியது. அங்கே ஒரு வேலைக்கு இலக்கம் கொடுத்தால், அந்த இலக்கத்தைச் சொல்லி வேலையை நிறுத்தலாம். ஆள் போகும்போது அவருடைய வேலைகளையும் நிறுத்திவிடுவார்கள். ஆனால் ஒருவருக்கே இரண்டு வேலை இருந்து, இரண்டுக்கும் 7 என்று கொடுத்திருந்தால், ஒன்றை நிறுத்தப் போய் மற்றதும் நின்றுவிடும். ஆகவே ஒன்றுக்கு 1007, மற்றதற்கு 2007 என்று ஆயிரங்களைக் கூட்டிவிட்டார்கள். கூப்பிட்டு வரும்போது ஆயிரத்தைக் கழிக்க மறந்தால் 1007ஆம் ஆளைத் தேடிப் பிழைச்செய்தி வரும். நேர்த்தியான முறையென்று சொல்லமாட்டோம். ஆனால் பிழை வந்தால் சத்தம் போடுகிற முறை. சாம்பின் மௌனத்தை விடத் திறம்.

ஏ.எம்.எக்ஸ். மொட் எக்ஸ் வழிவந்தவர்கள் 2000களின் இரண்டாம் பாதியில் சோர்ஸ் எஞ்சினுக்காகச் சோர்ஸ்மொட்டை உருவாக்கினபோது, பாவ்னைத் திருத்தி சோர்ஸ்பாவ்ன் ஆக்கினார்கள். அதில் ரைமருக்குப் பெயரை எழுத்தாகக் கொடுப்பதில்லை. சார்பையே கொடுக்கவேண்டும். எழுத்துப்பிழை விட்டால் கொம்பைலரே பிடித்துவிடும். இலக்கத்துக்கு, ரசீது இலக்கத்தை அனுப்பி, திரும்பி வரும்போது 'இந்த ரசீதுக்காரர் இன்னும் இருக்கிறாரா' என்று கேட்கிற பழக்கம் நிலைத்தது. போயிருந்தால் பூச்சியம் வரும், பேசாமல் திரும்பிவிடலாம்.

சாம்பில் எஞ்சின் தருகிற ரசீது இல்லை. சேர்வரின் மூலநிரலும் திறந்ததில்லை, அதைத் திருத்த வழியில்லை. ஆகவே ஸ்கிரிப்ற் எழுதுகிறவர்களே ரசீது அச்சடிக்கவேண்டியிருந்தது. ஒவ்வோர் இருக்கைக்கும் ஓர் எண்ணி. யாராவது வந்தால் ஒன்று கூட்டு. தாமத அழைப்போடு இலக்கத்தையும் அந்த நேரத்து எண்ணியையும் சேர்த்து அனுப்பு. அழைப்பு வரும்போது எண்ணி மாறியிருந்தால் ஆள் மாறிவிட்டார், விட்டுவிடு. மைஎஸ்கியூஎல் பிளகினோடு வந்த மாதிரி ஸ்கிரிப்ற்றில் இந்தச் சோதனையை, ஏன் தேவை என்ற விளக்கத்தோடு எழுதி வைத்திருந்தார்கள். படியெடுக்கிற உலகத்தில் நல்ல மாதிரி ஒன்றை வைப்பதற்கு இருக்கிற பலம் அது. கெட்ட நாலு வரி பரவின அதே வழியால் இதுவும் பரவியது. ஒய்.எஸ்.ஐ. என்ற நூலகம் இன்னொரு பக்கத்தால் போய், 'டிஃபர்' என்ற சொல்லைப் போட்டால் சாதாரணச் சார்பைப்போலவே தாமத அழைப்பையும் எழுதலாம், கொம்பைலர் சரிபார்க்கும் என்று ஆக்கியது. மொழிக்குத் தெரியாதிருந்த 'பிறகு' என்ற சொல்லை மொழிக்குள் கொண்டுவந்தவர்கள் அதைப் பாவித்தவர்கள்தான்.

இப்போது சாம்பின் இடத்துக்கு, மூலநிரல் திறந்த ஓப்பின் மல்ரிபிளேயர் வந்திருக்கிறது. பழைய ஸ்கிரிப்ற்றுகளை அதில் அப்படியே ஓட்டலாம். அப்படியே ஓட்டும்போது அந்த நாலு வரியும் அப்படியே வரும். உங்களிடம் பழைய கேம்மோட் கோப்பு ஏதும் கிடந்தால் திறந்து, செற்ரைமர்-ஈஎக்ஸ் என்று தேடிப் பாருங்கோ. ஆள் இலக்கத்தை மட்டும் அனுப்புகிற ஒவ்வொரு வரிக்கும், ஆள் வெளியேறும் இடத்தில் அந்த ரைமரை நிறுத்துகிற கில்ரைமர் வரி இருக்கிறதா என்று பாருங்கோ. அதற்கு ரைமரின் இலக்கத்தை எங்காவது சேமித்திருக்க வேண்டும். பெரும்பாலான கோப்புகளில் அது சேமிக்கப்பட்டிருக்காது.